செம்பின் அடியில் போட்ட கட்டங்கள்

சில வாரங்கள் என் கைப்பேசியில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம். பச்சை என் மகள் செய்தது, நீலம் மருமகன் செய்தது. இரண்டும் ஒரே வேலைக்குத்தான். எங்கள் வாடகைக் கடைச் சாமான்களில் எது எங்கே இருக்கிறது, யாருக்குப் போகிறது, எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொள்வதற்கு. விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து, சாயா குடிப்பதற்கு முன்னால், பிஸ்மில்லாஹ் சொல்லி ஒன்றைத் திறப்பேன். அதில் எழுதியதை அப்படியே மற்றதிலும் எழுதுவேன். இன்றைக்குப் பச்சையை முதலில் திறந்தால் நாளைக்கு நீலத்தை முதலில் திறப்பேன். இரண்டு பேர் மனதும் நோகக்கூடாதே. என் மனைவி இதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கூட இவ்வளவு நீதி பாக்கமாட்டான்."

எங்கள் கடை மட்டாஞ்சேரியில் இருக்கிறது. என் அத்தா, அதாவது தகப்பனார், பாலக்காட்டிலிருந்து வந்து தொடங்கியது. நாற்காலி, மேசை, ஷாமியானா, கல்யாணக் கட்டில், மெத்தை, அப்புறம் பெரிய பெரிய செம்புகள். தமிழ்நாட்டில் தேக்சா என்றும் அண்டா என்றும் சொல்லும் சமையல் பாத்திரத்தை இங்கே செம்பு என்றுதான் சொல்வோம். செம்புகளுக்கு மட்டும் எங்களிடம் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று பிரியாணிக்கும் கறிக்கும் போகிறவை. இன்னொன்று சைவ அறை. எங்கள் தெருவைச் சுற்றி குஜராத்திகள், கொங்கணிகள், தமிழ் ஐயர் வீடுகள் எல்லாம் இருக்கின்றன. சைவ அறைச் செம்புகளின் விளிம்பில் உளியால் மூன்று கோடு வெட்டியிருக்கும். அவற்றைத் தேய்க்கும் நாரும் வேறு, குழாயும் வேறு. அத்தா காலத்திலிருந்து இப்படித்தான். அதனால்தான் கறி தொடாத வீடுகளும் ராவுத்தர் கடையில் பாத்திரம் எடுக்கிறார்கள். அது அல்லாஹ் எங்களுக்குக் கொடுத்த நல்ல பெயர். நாங்களாகச் சம்பாதித்தது என்று நான் நினைப்பதில்லை.

மகளும் மருமகனும் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. இருவரும் ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று வந்தார்கள். வந்த பிறகுதான் தங்கள் யோசனையைச் சொன்னார்கள். வாடகைக் கடைகளுக்கென்றே ஒரு ஆப் செய்வது. முதலில் எங்கள் கடையில் ஓட்டிப் பார்ப்பது. சரியாக வந்தால் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்து, தோப்பும்படி, வைட்டிலா, திருப்பூணித்துறை என்று எல்லா வாடகைக் கடைக்கும் கொடுப்பது. சரியாக வராவிட்டால் மாதக் கடைசியில் பெங்களூர் ஆபீசுக்குத் திரும்பிவிடுவது.

அவர்கள் இதைச் சாதாரணமாகச் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அன்றைக்கு இரவு மனைவி என்னிடம், "நீங்க வாயைத் திறந்து 'இங்கயே இருங்க'ன்னு கேக்கக்கூடாது. நானும் கேக்கமாட்டேன். நாம கேட்டோம்னு இருந்தாங்கன்னா அது நிக்காது," என்றாள். சரி என்றேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில் மட்டும் கேட்டேன். அங்கே கேட்பதற்கு அவள் தடை சொல்லவில்லை.

மாடி அறையில் அவர்களுக்குக் கட்டில் இல்லை. கடையிலிருந்து ஒரு கல்யாணக் கட்டிலை ஏற்றிப் போட்டோம். தலைமாட்டில் மயில் செதுக்கியது. புது மாப்பிள்ளை பெண்ணுக்கு மூன்று நாள் வாடகைக்குப் போகிற கட்டில். ஆர்டர் வந்தால் இவர்கள் அடியிலிருந்து உருவிக்கொண்டு போவோம். அந்த மாதம் இரண்டு முறை அப்படிப் போனது. மருமகன் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "மாமா, எங்க கல்யாணம்தான் முடிஞ்சு போச்சே, எங்களுக்கு எதுக்குக் கட்டில்," என்று சிரிப்பார். நல்ல பிள்ளை. புதுக் கட்டில் ஒன்று வாங்கலாமா என்று மனைவியைக் கேட்டேன். "வேண்டாம். ஆசைப்பட்டு வாங்கிப் போட்டு, அப்புறம் காலிக் கட்டிலைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றாள்.

ஆப் ஏன் இரண்டானது என்று சொல்ல வேண்டும். சாமான் விவரங்களை எப்படி அடுக்கி வைப்பது என்பதில்தான் அவர்களுக்குச் சண்டை. அந்த அடுக்குக்கு டேட்டாபேஸ் என்று பெயர். மகள் ஒரு பாங்க்குக்கு வேலை செய்தவள். அவளுக்கு எல்லாம் டேபிளில் இருக்க வேண்டும். சாமானுக்கு ஒரு டேபிள், வாடிக்கைக்காரருக்கு ஒரு டேபிள், ஆர்டருக்கு ஒரு டேபிள், ஒன்றோடொன்று கோர்த்திருக்கும். அதற்கு ரிலேஷனல் என்று பெயராம். மருமகன் வேலை செய்த இடத்தில் அப்படி இல்லை. ஒரு ஆர்டரைச் சேர்ந்த எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைப்பது போல, ஒரு ஆர்டருக்கு ஒரு ஆவணம். அதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது நோ-எஸ்க்யூஎல்.

"ரிலேஷனல்னா என்ன?" என்று மனைவி மீன் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"உறவு அம்மா. டேபிளுக்கும் டேபிளுக்கும் உறவு."

"அப்ப மாப்பிள்ளையோடது?"

"அதுல உறவு கெடையாது. தனித்தனி," என்றாள் மகள்.

"யா அல்லாஹ்! பொண்ணைக் கொடுத்த வீட்டுல வந்து உறவு வேண்டாங்கிறாரே."

மருமகனுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "மாமி, உறவு வேணும். ஆனா எடுத்ததுக்கெல்லாம் உறவுக்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா வேலை நடக்காது," என்றார்.

"நடக்காட்டி பரவால்ல. ஒரே ஷாமியானாவை ஒரே நாள்ல ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துட்டு நிக்கிறதுக்கு, நடக்காம இருக்கிறது மேல்," என்றாள் மகள். "என் டேபிள் அதை விடவே விடாது. அஞ்சு சாமான்ல ஒண்ணு இல்லேன்னாலும் அந்த ஆர்டரையே ஏத்துக்காது. ஒண்ணு முழுசா எழுதும், இல்லேன்னா எழுதவே எழுதாது."

"ஆர்டர் எல்லாம் ஒரே மாதிரியா வருது? கல்யாணத்துக்குப் பொண்ணு உக்கார சோபா. நேர்ச்சைச் சாப்பாட்டுக்குப் பந்தி விரிப்பு. நேத்து ஒருத்தர் முற்றத்துல மாமரம் நிக்கிது, அதைச் சுத்திப் பந்தல் போடணும்னார். மாமரத்துக்கும் ஒரு டேபிள் கட்டுவியா?"

"கட்டுவேன்."

"கட்டு, கட்டு. மாங்கா காய்க்கிறதுக்குள்ள முடிச்சிரு."

தினமும் இப்படித்தான். கடைசியில் ஒரே ஆப்பை இரண்டு விதமாகச் செய்து, என் கையில் கொடுத்தார்கள். எது நன்றாக ஓடுகிறதோ அதை வைத்துக் கம்பெனி தொடங்குவதென்று பேச்சு. எனக்கு இதில் ஒரு பயம் இருந்தது. ஒன்று தோற்றுத்தானே ஆக வேண்டும். தோற்றவர் வீம்புக்குப் பெங்களூருக்குக் கிளம்பினால் மற்றவர் இங்கே தனியாகவா இருப்பார்?

எனக்குப் படிப்பு குறைவு. ஆனாலும் எழுதிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பச்சை கண்டிப்பானது. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாவிட்டால் மேலே போக விடாது. ஒரு முறை அது ஒரு ஷாமியானாவை இரண்டாவது வீட்டுக்குக் கொடுக்க விடாமல் தடுத்து என் மானத்தைக் காத்தது. நீலம் தாராளமானது. எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் தெளிக்கும் விசிறி புதிதாக வாங்கினோம். நீலத்தில் அன்றைக்கே எழுதினேன். பச்சையில் மகள் மாடியில் உட்கார்ந்து டேபிளை மாற்றி, விசிறிக்குத் தண்ணீர்த் தொட்டியின் அளவைச் சேர்க்க ஒரு பகல் ஆனது. அதே நீலம், அந்த ஷாமியானாவை இரண்டு வீட்டுக்கும் சந்தோஷமாக எழுதிக்கொண்டது. "அந்தத் தடையை நான் தனியா எழுதிச் சேக்கணும் மாமா, சேத்துர்றேன்," என்றார் மருமகன். ஆபீஸ் வேலையில் அது தள்ளிப் போனது.

அப்போதுதான் தெருக் கோடியில் இருந்த குஜராத்தி வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். எங்களிடமே எப்போதும் பாத்திரம் எடுக்கிறவர். அத்தா காலத்தில் ஒரே ஒரு முறை சைவ அறைக்குள் வந்து பார்த்தாராம். அதற்குப் பிறகு விளிம்பைக்கூடத் தடவிப் பார்த்ததில்லை. புதன்கிழமை காலையில் செய்தி வந்ததும், கடை வண்டியில் நாற்காலிகளும் தார்ப்பாயும் சைவ அறையின் பெரிய செம்பும் ஏற்றினோம். வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் கிச்சடி வைப்பார்கள். அந்த அளவுச் செம்பு சைவ அறையில் ஒன்றுதான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மௌத்தான வீட்டுக்குப் போகும் சாமானுக்கு வாடகை கிடையாது. எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் கிடையாது. எப்போது திரும்பத் தருவீர்கள் என்று கேட்பதும் கிடையாது. அவர்களாகக் கொண்டுவரும்போது வாங்கிக்கொள்வோம். அத்தா மனதில் அப்படி உறுதியாக நிய்யத்து வைத்திருந்தார், நானும் அப்படியே.

வண்டியை அனுப்பிவிட்டுப் பச்சையைத் திறந்தேன். வாடகை என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். திரும்பும் தேதி என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். இரண்டையும் விட்டுவிட்டு அழுத்தினேன். சிவப்புக் கோடு காட்டியது. மாடிப்படியில் நின்று மகளைக் கூப்பிட்டேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெங்களூர் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு காதைத் திறந்து, "சைபர் போடுங்க அத்தா. தேதிக்கு ஏதாவது ஒரு தேதி போடுங்க," என்று சைகையும் பேச்சுமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு விரல் வரவில்லை. சைபர் போட்டாலும் அது ஒரு கணக்குத்தானே. இவ்வளவு விட்டுக்கொடுத்தேன் என்று அல்லாஹ்விடம் எழுதிக் காட்டுவது போல இருந்தது. அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்கு நானாக ஒரு தேதி வைப்பதும் பிடிக்கவில்லை. பச்சையை மூடிவிட்டேன். நீலத்தில் 'துக்க வீடு, பெரிய சைவச் செம்பு, நாற்காலி, தார்ப்பாய்' என்று மட்டும் எழுதினேன். நீலம் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. அத்தனை நாளில் நான் ஒன்றில் எழுதி மற்றதில் எழுதாமல் விட்டது அந்த ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நானும் மனைவியும் பாலக்காட்டுக்கு ரயில் ஏறினோம். அவளுடைய தங்கை வீடு கட்டியிருந்தாள். கடையைப் பிள்ளைகளிடம் விட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"அத்தா, நானே ஒரு கல்யாணம் பிடிச்சிட்டேன்! ஞாயித்துக்கெழமை. தோப்பும்படி மண்டபம். ஐயர் வீட்டுக் கல்யாணம். வேற எடத்துல சொல்லி வச்சிருந்தது கடைசி நேரத்துல முடியாமப் போச்சாம். சைவப் பாத்திரம் மொத்தமும் நம்மகிட்டத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் துள்ளலைக் கேட்டதே போதும் என்று இருந்தது. போனை வைத்ததும் மனைவி, "கடை அவளுக்குப் பிடிச்சுப்போச்சு போலருக்கு," என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் திரும்பி வந்தோம். கடை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. கல்யாண வீட்டுச் சமையல்காரர், வெற்றிலை போட்ட வாயோடு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். பழக்கமானவர்தான். மகளும் மருமகனும் சைவ அறைக்குள்ளிருந்து வெறுங்கையோடு வந்தார்கள்.

"வாங்கோ பாய், நல்ல சமயத்துல வந்தேள்," என்றார் சமையல்காரர். "எல்லாம் இருக்கு. பெரிய செம்பைக் காணோம். உங்க பொண்ணு போன்ல இருக்குங்கறா, அறையில இல்லேங்கறா. நான் பாயசத்தைப் போன்லயா வைக்கறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அது துக்க வீட்டுக்குப் போயிருக்கே," என்றேன்.

மகள் பச்சையைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல உள்ளே இருக்குன்னு காட்டுதே அத்தா! ஏன் எழுதல?"

"எழுத விடலியேம்மா. வாடகை கேட்டுச்சு. தேதி கேட்டுச்சு."

"என்னோடதுல எழுதியிருக்காங்க பாரு!" என்று மருமகன் தன் போனைத் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "துக்க வீடு, பெரிய சைவச் செம்பு. அழகா இருக்கு."

"அழகா இருந்து? நேத்து நான் கல்யாண ஆர்டரை உன்னோடதுலயும் எழுதினேன். 'ஏம்மா, அந்தச் செம்பு வெளிய போயிருக்கே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிச்சா? அதையும் எழுதிக்கிச்சு, இதையும் எழுதிக்கிச்சு. ஊமை!"

"ஊமையாவது பரவால்ல. உன்னது மௌத்து வீட்டுல போய் ரசீது கேக்குது."

"ரெண்டு பேரும் நன்னா இருப்பேள்," என்றார் சமையல்காரர். "எனக்கு விடியறதுக்குள்ள அடுப்பு மூட்டணும்."

ரெண்டு சின்னச் செம்பில் பிரித்து வைக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே பதில். "பாய், பாயசத்தை ரெண்டா வச்சா ரெண்டு ருசியாயிடும். ஒரு பந்தி சிரிக்கும், ஒரு பந்தி திட்டும்."

எங்கள் கடை வண்டி ஓட்டுகிற சேட்டன் மலையாளி. அவர் பிரியாணி அறைப் பக்கம் கை காட்டி, "இக்கா, அங்கே ஒரு வலிய செம்பு இருக்கே. நல்லா கழுகிக் கொடுத்தா போரே, போதாதா?" என்றார். சமையல்காரர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். என் மனைவி பயணப் பையைக்கூட இறக்கி வைக்காமல், "நீங்க வண்டியைக் கழுவுங்க சேட்டா, அது போரும்," என்றாள். சேட்டன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"துக்க வீட்டுல போய்க் கேக்கட்டுமா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கே மனமில்லை என்று தெரிந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

திருப்பூணித்துறையில் சைவப் பாத்திரம் மட்டும் வாடகைக்கு விடுகிற ஒருவர் எனக்குப் பழக்கம். போன் போட்டேன். படைத்தவன் கருணை, அவரிடம் அதே அளவில் செம்பு ஒன்று சும்மா இருந்தது. "இப்பவே ஆள் அனுப்புங்கோ," என்றார். நான் கிளம்பப் போனேன். மகள் சாவியைப் பிடுங்குவது போல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்ன வாக்கு அத்தா. நானே போறேன்."

"நானும் வர்றேன்," என்றார் மருமகன். "நானும் எழுதிக்கிட்டவன்தானே."

"முன்னால ஒருத்தருக்குத்தான் எடம்," என்றார் சேட்டன். இரண்டு பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். போலீஸ் பிடித்தால் செம்புக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்வேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

நான் மற்றப் பாத்திரங்களோடு மினி லாரியில் தோப்பும்படி மண்டபத்துக்குப் போனேன். பக்கத்துப் பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுதேன். தொழுதுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செம்பு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்காக உட்காரவில்லை. முதல் கல்யாணத்திலேயே இப்படி ஆகிவிட்டதே. இரண்டு பெட்டிகளும் ஒரே நாளில் கவிழ்ந்துவிட்டனவே. பிள்ளைகள் இது நமக்குச் சரிப்படாது என்று பெட்டி கட்டிவிடுவார்களே என்றுதான். யா அல்லாஹ், நான் சைபர் போட்டிருக்க வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். எழுந்து மண்டபத்துக்கு வந்தேன்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வந்தது. பாலத்தில் நெரிசலாம். சேட்டன் முதலில் இறங்கி, காதைக் குடைந்துகொண்டார்.

"இக்கா, இனி இவங்க ரெண்டு பேரையும் என் வண்டியில ஏத்தாதீங்க. போகும்போது வைட்டிலா வரைக்கும் வாய்ச் சண்டை. சிக்னல்ல பைக்காரன் எல்லாம் திரும்பிப் பாத்தான். வரும்போது சத்தமே இல்ல. எனக்குப் பயமாப் போச்சு. எறங்கிப் போய்ப் பாத்தா, ரெண்டு பேரும் செம்பைக் கவுத்துப் போட்டு அதுல படம் வரையுறாங்க."

உண்மைதான். செம்பைக் கீழே இறக்கினோம். அடுப்புக் கரி ஏறிய கறுத்த அடிப்பாகம் முழுக்கச் சாக்பீஸால் கட்டங்கள். பாத்திரத்துக்கு எண் போடுவதற்காக மகள் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பாள். பெரிய கட்டம், சின்னக் கட்டம், அம்புக்குறி. ஒரு கட்டத்துக்குள் சுருக்குப்பை மாதிரி ஒரு படம். மகளின் நெற்றியிலும் கரி, மருமகனின் சட்டையிலும் கரி. கல்யாண ரிசப்ஷனுக்கு வந்த ஒரு குழந்தை அவர்களைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

"என்னவாக்கும் இது? அடியில கோலம் போட்டுக் கொண்டு வந்திருக்கேள்," என்றார் சமையல்காரர்.

"ஒரு நிமிஷம் மாமா, அழிச்சிராதீங்க," என்று மகள் குனிந்து போட்டோ எடுத்தாள். மருமகன் இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்தார். பிறகு அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவினார். விளிம்பை நான் தடவிப் பார்த்தேன். பழக்க தோஷம். திருப்பூணித்துறைக்காரர் கடைச் செம்பில் மூன்று கோடு இருக்காது என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் விளக்கினார்கள். வண்டியின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன், பின்னாலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். டேட்டாபேஸ் ஒன்றே ஒன்று, மகளுடைய வகை. எந்தச் செம்பு எங்கே இருக்கிறது, எந்த நாளில் யாருக்கு, சைவமா இல்லையா என்பதெல்லாம் டேபிளில் கண்டிப்போடு இருக்கும். அதில் யாருக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆர்டரோடும் ஒரு சுருக்குப்பை தொங்கும். மாமரம், சோபா, பாயசத்தின் அளவு என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம், அங்கே கேள்வி கிடையாது. அது மருமகனுடைய வகை. இப்போதைய டேபிள் வகையிலேயே அப்படி ஒரு பை வைக்க வழி இருக்கிறதாம்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் மகள்.

"தெரிஞ்சும் ஒரு மாசமாச் சொல்லல பாத்தீங்களா மாமா?"

"நீ டேபிளைத் திட்டுறப்ப எப்படிச் சொல்லுவேன்?"

"இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டா செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"இவ்வளவுன்னு சும்மா சொல்லாதீங்க அத்தா. அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆயிரக்கணக்கான பேர் வந்து, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதிப் போடுற எடத்துல என் டேபிள் மூச்சு முட்டும். அங்க அவரோடதுதான் நல்லது. நம்ம கடையில ஒரு செம்பு, ஒரு நாள், ஒரு வீடு. அதை விட்டா எல்லாம் போச்சு."

வண்டி மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பியது. பிறகு மருமகன், "மாமா, மௌத்து வீட்டுக்குன்னு தனியா ஒரு வகை வைக்கிறோம். அதுல வாடகைன்னு கட்டமே இருக்காது. சைபரும் இல்ல. திரும்புற தேதியும் இல்ல. செம்பு வெளிய இருக்கு, அவ்வளவுதான் காட்டும். வீட்டுக்கு வந்ததும் நீங்க தொட்டாப் போதும்," என்றார். சொல்லிவிட்டு, "அது செரிதானே?" என்று கேட்டார்.

நான் செரி என்றேன். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சேட்டன் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தூக்குப் பாயசம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரே ருசி," என்றாள்.

அந்த வாரம் முழுக்க மாடியில் கதவு சாத்தியே இருந்தது. சாயா கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவோம். சண்டைச் சத்தம் குறைந்திருந்தது எங்களுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. மாதக் கடைசி நெருங்கியது. ஆபீஸ்காரர்களோடு போனில் நிறையப் பேசினார்கள். ஆங்கிலத்தில் பேசினார்கள், எனக்குப் பிடிபடவில்லை. மனைவி ஒரு நாள் மகளுடைய துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டால், சும்மா என்றாள். ஊறுகாய் ஜாடி ஒன்றைப் பழைய பேப்பரில் சுற்றியும் வைத்திருந்தாள். நான் பார்க்காதது போல வந்துவிட்டேன்.

துக்க வீட்டுச் செம்பு அதற்குள் வந்தது. இறந்த பெரியவரின் மகன் தானே வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி இருந்தது. வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று உள்ளே கொஞ்சம் கல்கண்டு வைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் கைப்பேசியை எடுத்தேன். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. காலையில் மகள் புதுப் பெட்டியைப் போட்டுத் தந்திருந்தாள், மயில் கழுத்து நிறத்தில். இல்லை, நீலம் முழுசாகப் போகவில்லை. மருமகன் செய்ததாயிற்றே என்று மூலையில் ஒரு பக்கமாக அதை வைத்திருக்கிறேன். திறப்பதில்லை. மகள் அழிக்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை.

புதுப் பெட்டியில் துக்க வீடு என்று இருந்ததைத் தொட்டேன். வாடகை கேட்கவில்லை, தேதி கேட்கவில்லை. 'வந்துவிட்டதா?' என்று மட்டும் கேட்டது. ஆம் என்று தொட்டேன். செம்பு சைவ அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

திறந்ததோடு, மற்றச் சாமான்கள் எல்லாம் சரியாக ஏறியிருக்கின்றனவா என்றும் ஒரு முறை பார்த்தேன். நாற்காலி சரி. மேசை சரி. செம்பு இரண்டு அறையும் சரி. கல்யாணக் கட்டிலில் ஒன்று குறைந்தது. மயில் கட்டில் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

மாடிப்படி கீழே நின்று குரல் கொடுத்தேன். "ஏம்மா, உன் கண்டிப்பான டேபிள்ல ஒரு கட்டிலைக் காணோமே. மறுபடியும் தப்பா?"

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மருமகன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"தப்பில்ல அத்தா. நான்தான் எடுத்தேன். அது இனிமே வாடகைக்கு இல்ல."

"சுருக்குப்பையைத் திறந்து பாருங்க மாமா, காரணம் எழுதியிருக்கேன்," என்றார் மருமகன்.

திறந்தேன். 'கழித்த சாமான்கள்' என்ற இடத்தில், மயில் கட்டிலுக்கு எதிரே, ஒரே ஒரு வார்த்தை இருந்தது. எங்களுக்கு.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னவாம்?" என்றாள். போனை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. கண்ணாடியைத் தேடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், ஊறுகாய் ஜாடியில் சுற்றியிருந்த பேப்பரைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.